கேமராவை மாணவர் பக்கம் திருப்புங்கள்

கடிதம் எழுதியிருப்பவர் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறையின் உதவிப் பேராசிரியர். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி 20 மாணவர்கள் நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் நான்கைந்து பேருக்குத்தான் ஆசிரியரின் கை தெரிகிறது. மற்றவர்கள் கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள், பிறகு சோர்ந்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று இவர் உடற்பரிசோதனை முறைகளைத் தன் கைபேசியிலேயே வீடியோ எடுக்கத் தொடங்கினார். நோயாளியிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொள்வார். முகம் தெரியாதபடி கழுத்துக்குக் கீழே மட்டும் எடுப்பார். நீளமாக இருந்தால் யாரும் பார்ப்பதில்லை என்று மெதுவாக நகரும் பகுதிகளை வெட்டிவிடுவார். யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிடுவார். வயிற்றுப் பரிசோதனை பற்றிய ஒரு வீடியோவை மட்டும் பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. "வீடியோவில் பார்த்துக்கொள்கிறோம், மேடம்" என்று மாணவர்கள் வார்டுக்கு வருவது குறைந்தது. செய்முறைத் தேர்வில், பரிசோதனையின் படிகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்த ஒரு மாணவர், தொப்புள்வரை வீங்கி இறங்கியிருந்த மண்ணீரலைக் கண்டுபிடிக்காமல் "வயிறு இயல்பாக இருக்கிறது" என்றார். பிறகு ஒரு பெண் இவரைத் தேடி வந்தார். இணையத்தில் தன் தாயின் வயிற்றைப் பார்த்ததாகச் சொன்னார். குரலையும் அறுவைச் சிகிச்சைத் தழும்பையும் வைத்து அடையாளம் கண்டிருக்கிறார். துறைத் தலைவர் எல்லா வீடியோக்களையும் நீக்கச் சொல்லிவிட்டார். "வீடியோவில் சொல்லிக்கொடுக்க நினைத்ததே தவறா? கேட்டுவிட்டுத்தானே எடுத்தேன், முகத்தையும் மறைத்தேனே, என் பிழை எங்கே? என் உழைப்பில் உருவானதை நீக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? அந்த மாணவருக்கு நான் இப்போது என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதம் முழுவதும் குற்ற உணர்வு தெரிகிறது. பின்வரிசை மாணவருக்கும் கை தெரிய வேண்டும் என்று நினைத்ததற்காக நீங்கள் வருந்த வேண்டாம். அது நல்ல ஆசிரியரின் எண்ணம். வருந்த வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

பரிசோதனைத் திறமை தேய்ந்துவருகிறது என்ற உங்கள் கவலைக்கு ஆதாரம் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி மருத்துவர்களுக்கு 12 வகை இதய ஒலிகளைப் போட்டுக் கேட்கவைத்தார்கள். அவர்கள் சரியாகச் சொன்னது ஐந்தில் ஒரு பங்குதான். 2015-இல் வெளியான இன்னோர் ஆய்வு, உடற்பரிசோதனையில் நேர்ந்த குறையால் தவறு நடந்த 208 சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் 63 சதவீதத்தில் குறை என்னவென்றால், உரிய பரிசோதனையை யாரும் செய்யவே இல்லை. நோயாளியின் உடம்பில் கை வைக்கத் தயங்கும் தலைமுறை உருவாகிவிடக் கூடாது என்று உங்களைப் போலவே நானும் கவலைப்படுகிறேன். ஆகவே வீடியோவைக் கைவிடாதீர்கள். ஆனால் இதுவரை எடுத்த விதத்தைக் கைவிட வேண்டும்.

முதலில் அந்த அம்மாவைப் பற்றி

உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதில் தள்ளிப்போட நேரமில்லை.

"கேட்டுவிட்டுத்தானே எடுத்தேன்" என்கிறீர்கள். பரிசோதிக்க ஒப்புக்கொள்வது ஒன்று. அதைப் படம் பிடிக்க ஒப்புக்கொள்வது வேறு. படம் பிடித்ததை ஊர் உலகம் பார்க்க ஒப்புக்கொள்வது இன்னும் வேறு. "மாணவர்களுக்காக ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளட்டுமா" என்று நீங்கள் கேட்டபோது அந்த அம்மாவின் மனக்கண்ணில் வந்திருக்கக்கூடியவர்கள், கட்டிலைச் சுற்றி நின்ற அந்த 20 பிள்ளைகள்தான். அவர்களுக்காகத் தலையசைத்தார். பல லட்சம் பேருக்கு அவர் சம்மதம் தரவில்லை. அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கப்படவும் இல்லை.

அவரால் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க முடியுமா என்பதையும் யோசித்துப் பாருங்கள். படுக்கையில் இருப்பவர், தனக்கு மருந்து எழுதும் கை கேமராவோடு வந்து கேட்கும்போது மறுப்பது எளிதல்ல. மறுத்தால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற அச்சத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட ஒப்புதலை, சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர், நோயாளிக்குப் புரியும் மொழியில், ஒரு நாளாவது அவகாசம் கொடுத்து, எழுத்தில் வாங்குவது நல்லது. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் நோயாளிகளைப் படம் பிடிப்பதற்கென்றே தனி நெறிமுறை வைத்திருக்கிறது. பொதுவெளியில் போன பதிவை முழுமையாகத் திரும்பப் பெற முடியாமல் போகலாம் என்பதை முன்கூட்டியே நோயாளிக்கு விளக்க வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று.

முகத்தை மறைத்தால் போதும் என்பது நம்மில் பலரும் நம்பும் ஒன்று. குரல், தழும்பு, மச்சம், பச்சை குத்தியது, மணிக்கட்டில் கட்டிய அடையாளப் பட்டை, ஓரத்தில் தெரியும் கேஸ் ஷீட், பின்னணியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் செவிலியர் என்று எத்தனையோ உண்டு. பெற்ற பிள்ளைக்குத் தாயை அடையாளம் காண முகம் தேவையில்லை.

ஆகவே இன்றே அந்த வீடியோவை இணையத்திலிருந்து நீக்குங்கள். நோயாளிகள் வரும் மற்ற வீடியோக்களையும் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு அந்த அம்மாவையும் மகளையும் நேரில் சந்தியுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், மன்னிப்புக் கேளுங்கள். எல்லாப் பிரதிகளும் அழிந்துவிட்டன என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வேறு யாராவது பதிவிறக்கி வைத்திருந்தால் அது உங்கள் கையில் இல்லை. உங்களால் முடிந்தது என்ன, முடியாதது என்ன என்று பிரித்துச் சொன்னால் அவர்கள் அதைப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

உங்கள் கைபேசியையும் ஒருமுறை பாருங்கள். வார்டில் எடுத்த வீடியோக்கள் உங்கள் குடும்பப் படங்களோடு சேர்ந்து தானாகவே இணையச் சேமிப்பகத்துக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடும். வீட்டில் யாராவது புகைப்படம் தேடும்போது ஒரு நோயாளியின் வயிறு வந்து நிற்கக்கூடும். இனி மருத்துவமனைக்குச் சொந்தமான கருவியில் மட்டும் எடுங்கள்.

சட்ட ரீதியாக என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள். அந்தரங்க உரிமை பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், உங்கள் பணி ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. புகார் வரும்வரை காத்திராமல் நீங்களாகவே கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடமும் சட்ட ஆலோசகரிடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தொழில்முறைக் காப்பீடு வைத்திருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

வீடியோ கண்ணுக்குக் கற்றுக்கொடுக்கும், கைக்கு அல்ல

இனி உங்கள் முதல் கேள்வி. வீடியோ எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது?

கண்ணால் பார்த்து அறியும் குறிகளுக்கு வீடியோவைப் போல நல்ல ஆசிரியர் இல்லை. நடையில் வரும் கோளாறு, நடுக்கத்தின் வகைகள், கண்மணி துடிதுடிப்பது, ஏறி இறங்கி நின்று மறுபடி தொடங்கும் மூச்சு, பாதத்தைக் கீறும்போது பெருவிரல் மேல்நோக்கி எழுவது: இவற்றைப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட அரை நிமிடம் பார்ப்பது மேல். கழுத்துச் சிரையின் துடிப்பை வார்டில் 20 பேருக்குக் காட்டுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து எடுத்த ஒரு சிறு வீடியோவில், கழுத்துத் தமனி ஒரு முறை துள்ளும்போது சிரை இரண்டு முறை அசைவதைக் கடைசி வரிசை மாணவரும் பார்த்துவிடுவார். ஒரே குறியை வேண்டியவரை நிறுத்தி, திருப்பி, மெதுவாக்கிப் பார்க்கலாம். நோயாளிக்கு வலிக்காது.

நிறத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. மஞ்சள் காமாலையும் உதடு நீலம் பூப்பதும் திரையில் கேமராவின் விருப்பப்படி மாறிவிடும். அறையின் விளக்கு மஞ்சளாக இருந்தால் எல்லோருக்கும் காமாலை.

தொட்டு அறிவதும் தட்டி அறிவதும் வேறு கதை. தட்டிப் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். இடது கையின் நடுவிரல் மட்டும் மார்பில் அழுத்தமாகப் படிய வேண்டும், மற்ற விரல்கள் தோலைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும். வலது நடுவிரல் வளைந்து, மணிக்கட்டிலிருந்து விழுந்து, பட்டவுடன் எழ வேண்டும். இவ்வளவையும் வீடியோ அழகாகக் காட்டும். ஆனால் நுரையீரலின் மேலிருந்து கல்லீரலின் மேல் இறங்கும்போது, ஒலி மாறுகிறதா என்று காது தீர்மானிப்பதற்குள்ளாகவே இடது விரலுக்கு அடியில் ஒரு கனம் தட்டுப்படுமே, அதை எந்தத் திரையும் காட்டாது. மாணவர் தன் தொடையில் தட்டி, பிறகு மார்பில் தட்டி, பிறகு கன்னத்தை ஊதிக்கொண்டு அங்கே தட்டினால், மந்தமான ஒலி, அதிரும் ஒலி, முரசொலி மூன்றும் அவர் உடம்பிலேயே கிடைக்கும். வீடியோவை நிறுத்திவிட்டு இதைச் செய்யச் சொல்லும் ஒரு வரி, உங்கள் வீடியோவிலேயே இடம்பெற வேண்டும்.

தட்டிப் பார்க்கும் முறையின் வரலாறும் இதையே சொல்கிறது. வியன்னாவில் பணியாற்றிய மருத்துவர் அவுவன்புருக்கர் அதை 1761-இல் நூலாக வெளியிட்டார். அவர் விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்பார்கள். நூல் வந்தும் பெரும்பாலான மருத்துவர்கள் கண்டுகொள்ளவில்லை. பாரிஸில் கோர்விசார் என்ற மருத்துவர் அதைத் தன் நோயாளிகளிடம் பல ஆண்டுகள் பயன்படுத்தி, கட்டிலருகே நின்று மாணவர்களுக்குச் செய்துகாட்டி, 1808-இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே அது பரவியது. அவரிடம் படித்த லேனெக்தான் 1816-இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர். அச்சில் வந்து அரை நூற்றாண்டு தூங்கிய ஒரு திறமை, கையிலிருந்து கைக்குப் போன பிறகே விழித்தது.

கேட்டு அறிவதில் வீடியோவுக்குப் பாதி வெற்றி. ஒவ்வொரு இதய முணுமுணுப்பையும் நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்பக் கேட்ட மாணவர்கள் அவற்றை அடையாளம் காண்பதில் நன்றாக முன்னேறினார்கள் என்று ஆய்வுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 500 தடவை என்று வைத்துப் பார்த்தார்கள். வார்டில் அது நடக்காத காரியம், ஒலிப்பதிவில் நடக்கும். ஆனால் மூன்றாம் இதய ஒலியும் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கும்போது கேட்கும் உறுமலும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அவை அநேகமாகக் காணாமல் போய்விடும். இரைச்சலை நீக்கும் மென்பொருள், உறுமலையும் இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடக்கூடும். நல்ல காதொலிப்பான் இல்லாமல் இதய ஒலி வீடியோவைக் கேட்காதீர்கள் என்று தொடக்கத்திலேயே எழுதிப் போடுங்கள். கேட்காத ஒலியைக் கேட்டதாக நம்பிக்கொள்ளும் மாணவர், வார்டிலும் அப்படியே நம்புவார்.

செய்திறன்களைக் கற்பிக்க அறுவை மருத்துவர் பெய்ட்டன் வகுத்த நான்கு படிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்துகாட்டுவது முதல் படி. பிரித்து விளக்கிக்கொண்டே செய்வது இரண்டாவது. மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது மூன்றாவது. மாணவரே சொல்லிக்கொண்டு செய்வது நான்காவது. முதல் இரண்டையும் வீடியோவிடம் நிம்மதியாக ஒப்படைக்கலாம். சொல்லப்போனால் வீடியோ நம்மைவிட நன்றாகச் செய்யும், சலிக்காது. மூன்றாவதும் நான்காவதும் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் நடக்காது. உங்கள் மாணவர்கள் இரண்டாம் படியில் நின்றுகொண்டு, ஏறி முடித்துவிட்டதாக நினைத்தார்கள்.

அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை

"வீடியோவில் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்ன பிள்ளைகள் மீது உங்களுக்கு வருத்தம் இருக்கிறது. சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எண்ண வேண்டாம்.

2018-இல் உளவியல் ஆய்வாளர்கள் கார்டாஸும் ஓப்ரையனும் ஒரு சோதனை செய்தார்கள். நின்ற இடத்திலிருந்து முன்னால் நடப்பதுபோலத் தோன்றிப் பின்னால் வழுக்கிச் செல்லும் நடன அசைவை, சிலருக்கு ஒருமுறையும் சிலருக்கு 20 முறையும் வீடியோவில் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்கள் "என்னால் முடியும்" என்பதில் கூடுதல் நம்பிக்கையோடு இருந்தார்கள். செய்யச் சொன்னபோது, ஒருமுறை பார்த்தவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்யவில்லை. வித்தை காட்டிச் சுழற்றும் கட்டைகளைச் சிறிது நேரம் கையில் வாங்கிப் பிடித்துப் பார்த்தவர்களிடம் அந்த மிதப்பு குறைந்ததாகவும் அதே ஆய்வு சொல்கிறது.

உங்கள் மாணவர்களுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. பார்க்கப் பார்க்கத் தெரிந்துவிட்டது போன்ற உணர்வு மெய்யாகவே வருகிறது. மனம் செய்யும் பிழை அது. திட்டுவதால் போகாது, நோயாளியின் மேல் கை வைக்கும்போதுதான் போகும்.

அந்தத் தேர்வையும் கொஞ்சம் கவனியுங்கள். மருத்துவக் கல்வியாளர் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975-இல் அறிமுகப்படுத்திய, மாணவர் நிலையத்துக்கு நிலையம் நகரும் செய்முறைத் தேர்வு முறை நியாயமானது, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது. ஆனால் மதிப்பெண் பட்டியலில் "வலது பக்கம் நின்றார், கையைச் சூடாக்கினார், மூச்சு இழுக்கச் சொன்னார்" என்று படிகள் மட்டும் இருந்தால், மாணவர் படிகளைத்தான் கற்பார். "என்ன கண்டுபிடித்தீர்கள்" என்ற கேள்விக்குக் கணிசமான மதிப்பெண் வையுங்கள். வார்டு தானாக நிரம்பும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது உங்களுக்கு வலிக்கலாம். நீளத்தைக் குறைக்க மெதுவாக நகரும் பகுதிகளை வெட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். மண்ணீரல் பரிசோதனையில் அந்த மெதுவான பகுதிதானே பரிசோதனையே! மண்ணீரல் வீங்கும்போது இடது விலா எலும்புகளுக்குக் கீழிருந்து குறுக்காக வலது அடிவயிற்றை நோக்கி இறங்குகிறது. அதனால் கை வலது அடிவயிற்றில் தொடங்க வேண்டும். நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும்போது கை அசையாமல் காத்திருக்க வேண்டும், மண்ணீரல் கையைத் தேடி வரும். மூச்சு வெளியே போகும்போது ஒரு விரற்கடை முன்னேற வேண்டும். அந்தப் பொறுமையான பயணத்தை வெட்டிவிட்டால், கை நேராக இடது விலா ஓரத்தில் வந்து உட்காரும். பெரிய மண்ணீரலாக இருந்தால் கை அதன் மேலேயே இருக்கும். விளிம்பு கைக்குக் கீழே எங்கோ தள்ளி இருக்கும், தட்டுப்படாது. "இயல்பாக இருக்கிறது" என்று சொன்ன அந்த மாணவர், அநேகமாக நீங்கள் காட்டியதை அப்படியே செய்திருக்கிறார்.

முகத்தை வெட்டியதிலும் எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. வயிற்றை அழுத்தும்போது நம் கண் எங்கே இருக்க வேண்டும்? நோயாளியின் முகத்தில். வலி முதலில் புருவத்தில்தான் தெரியும். முகமே இல்லாத உடம்பைப் பத்துத் தடவை பார்த்துப் பழகிய மாணவர், வார்டிலும் கையையே பார்த்துக்கொண்டு அழுத்துவார். இதை நான் பல தேர்வுகளில் கண்டிருக்கிறேன்.

இனி எப்படி எடுப்பது

இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே முடிவில் தீர்ந்துவிடும்: முறையை ஒரு வீடியோவிலும் குறியை இன்னொரு வீடியோவிலும் காட்டுங்கள். கையை எங்கே வைப்பது, எப்படி நகர்த்துவது என்று சொல்ல நோயாளி தேவையே இல்லை. ஆரோக்கியமான ஒரு தன்னார்வலர் போதும், எழுத்தில் ஒப்புதல் தந்தவராக இருக்க வேண்டும். அவர் முகத்தோடு முழுதாகத் திரையில் இருக்கட்டும். வணக்கம் சொல்வது, அனுமதி கேட்பது, திரைச்சீலையை இழுப்பது, கையைத் தேய்த்துச் சூடாக்குவது எல்லாம் இருக்கட்டும். அதற்கு 20 விநாடிதான் ஆகும். இந்த வீடியோவை உலகத்துக்கே கொடுங்கள்.

நோய்க்குறி காட்டும் வீடியோ அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இருந்தால் போதும். ஒலி வேண்டாம். தனியாக எழுதி வாங்கிய ஒப்புதலோடு, கல்லூரியின் கடவுச்சொல் உள்ள தளத்தில் மட்டும் வையுங்கள். நோயாளிக்கு முதலில் காட்டி, அவர் சரி என்ற பிறகே வையுங்கள். மனம் மாறினால் நீக்கிவிடுங்கள். குழந்தை என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் விருப்பத்தையும் கேளுங்கள். நினைவிழந்தவர்களை எடுக்கவே வேண்டாம். மார்பகம், பிறப்புறுப்பு, மலக்குடல் பரிசோதனைகளுக்கு மாதிரி உருவங்கள் இருக்கின்றன.

நீளம் குறித்து: ஒரு வீடியோவுக்கு ஒரு பரிசோதனை போதும். 2014-இல் வெளியான, இணையப் பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசிய ஓர் ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொதுவாக 6 நிமிடத்துக்குமேல் தங்குவதில்லை என்று கண்டது. சுருக்க வேண்டுமானால் உங்கள் பேச்சைச் சுருக்குங்கள். கை நகரும் நேரத்தை வெட்டாதீர்கள். கேமரா உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து, உங்கள் கண் பார்ப்பதைப் பார்க்கட்டும். எதிர்ப்புறத்திலிருந்து எடுத்தால் மாணவர் ஒவ்வொரு அசைவையும் மனத்தில் இடவலம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கைபேசியின் முன்பக்கக் கேமராவில் எடுக்கவே கூடாது. சில கைபேசிகளில் அது கண்ணாடி போல இடவலத்தைத் திருப்பிவிடும், இதயம் வலப்பக்கம் போய்விடும்.

இவ்வளவும் எடுத்த பிறகு, கேமராவை மாணவர் பக்கம் திருப்புங்கள். நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். இதுவரை நீங்கள் செய்ததை அவர்கள் பார்த்தார்கள். இனி அவர்கள் செய்வதை நீங்கள் பாருங்கள். பயிற்சிக்கூடத்தில் இருவர் இருவராக ஒருவரையொருவர் பரிசோதித்து, 2 நிமிடம் பதிவு செய்து உங்களுக்கு அனுப்பட்டும். 20 பேருக்கு 40 நிமிடம். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள்: "மணிக்கட்டு அசையவில்லை, முழங்கையிலிருந்து தட்டுகிறீர்கள்." நாம் சொல்லும்போது நம்பாத மாணவர், தன் முழங்கை ஆடுவதைத் தானே திரையில் பார்த்ததும் திருத்திக்கொள்வார். சக மாணவர் முன் ஆடையை விலக்க விரும்பாதவர்கள் இருப்பார்கள். காரணம் கேட்காமல் அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள்.

விளக்கம் சொல்லும் நேரம் வீடியோவுக்குப் போய்விட்டதால், வார்டில் உங்களுக்கு நேரம் மிஞ்சும். 20 பேரை ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள். ஒரு நோயாளியை ஒரு நாளில் இத்தனை பேர்தான் தொடலாம் என்று வரம்பு வையுங்கள். வலியுள்ள மண்ணீரலை 20 கைகள் அழுத்தக் கூடாது.

உரிமை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணி நேரத்தில், மருத்துவமனை வார்டில், அங்குள்ள நோயாளிகளை வைத்து எடுத்தவை. பெரும்பாலான பணி ஒப்பந்தங்களில் இவை நிறுவனத்துக்குச் சேரும், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்கும் மேலே, நோயாளி இருக்கும் வீடியோக்களை நிறுத்தச் சொன்ன உங்கள் துறைத் தலைவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் "எல்லாவற்றையும் நீக்கு" என்பது அளவு மீறியது. தன்னார்வலரை வைத்து எடுக்கும் புதிய திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி, ஒப்புதல் படிவத்தோடு அவர் முன் வையுங்கள். வெளியிடும்போது துறையின் பெயரும் அவர் பெயரும் இருக்கட்டும்.

கடைசியாக அந்த மாணவர். தோற்றுப்போனதிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு அவருடையது மட்டுமல்ல என்று நீங்களே அவரிடம் சொல்ல வேண்டும். வீடியோவில் வெட்டிய பகுதியைப் பற்றிச் சொல்லுங்கள், ஒளிக்காதீர்கள்.

நான் மாணவனாக இருந்தபோது எனக்கும் மண்ணீரல் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டது என்று இரண்டு முறை பொய் சொன்னேன். மூன்றாவது முறை என் பேராசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்தார். எவ்வளவு மெதுவாக அழுத்த வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் நினைத்ததில் பாதி அழுத்தம்கூட இல்லை.

பெரிய மண்ணீரல் உள்ள, சம்மதிக்கும் நோயாளி ஒருவர் வார்டுக்கு வரும்போது அந்த மாணவரைத் தனியாக அழைத்துச் செல்லுங்கள். வலது அடிவயிற்றில் அவர் கையை வைக்கச் சொல்லுங்கள். அதன்மேல் உங்கள் கையை வையுங்கள். நோயாளியை நன்றாக மூச்சு இழுக்கச் சொல்லிவிட்டு, காத்திருங்கள்.